ஆல்ட்ரிஸா ஓடும் வரை

என் பெயர் ஆல்ட்ரிஸா. வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயரா என்று கேட்பார்கள், இல்லை. வடநாட்டுப் பெயரா என்பார்கள்; அதுவும் இல்லை. அது ஒரு காரின் பெயர். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் தனசேகரன் என்கிற என் அப்பா, தான் வாங்கிய காரின் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, அதையே மகளுக்கு வைத்துவிட்டார். என் வகுப்பில் அபிநயா இருந்தாள், தேவதர்ஷினி இருந்தாள். நடுவில் நான். புது வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். பின் பெஞ்சிலிருந்து யாராவது வாயாலேயே ஹாரன் அடிப்பார்கள்.

கார் கம்பெனிக்காரர்களுக்குப் பெயர் வைக்க யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. ஒருவன் புயலின் பெயரை வைக்கிறான், ஒருவன் தேளின் பெயரை வைக்கிறான். நம் பக்கத்தில் எவரும் கண்ணால் பார்த்திராத மீன், எங்கேயோ இருக்கும் மலை, எப்போதோ செத்துப்போன ராஜா எல்லாம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே வரிசையாக நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை, ஏதோ ஓர் அர்த்தம் இருக்கிறது. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ப்ளஸ் டூ படிக்கும்போது வீம்பாக அந்தக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆல்ட்ரிஸா என்றால் என்ன என்று ஒரே ஒரு கேள்வி. மூன்று மாதம் கழித்து யாரோ ஒரு புண்ணியவதி பதில் போட்டிருந்தாள். அதற்குப் பொருள் கிடையாதாம். கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கில் பெயர்களைச் செய்து கொட்டியதாம். அதில் எந்த பாஷையிலும் கெட்ட வார்த்தையாக இல்லாதது, எந்த நாட்டிலும் எவரும் பதிவு செய்யாதது என்று வடிகட்டியதில் மிஞ்சியதாம் இது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மோசமான அர்த்தமாக இருந்தாலாவது சண்டை போடலாம். ஒன்றுமே இல்லை என்றால் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டே சொன்னார்: "அர்த்தம் இல்லன்னா இன்னாமா? நீ கீற இல்ல. அதான் அர்த்தம்."

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் நான் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் கரும்பு நன்றாக விளைந்தது. அப்பா கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்றைக்கே, எட்டாம் மாதத்திலேயே, அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. மழை. ஓடையில் தண்ணீர் ஏறி டவுன் பஸ் நின்றுபோயிருந்தது. நம்பர் பிளேட் கூட மாட்டாத காரில் அம்மாவைப் படுக்கவைத்து, தண்ணீருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று நர்ஸ் சொன்னாளாம். அப்பா வெளியே வந்து மழையில் நின்று காரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். பெயர் அங்கேயே முடிவாகிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் எனக்குக் கேலிப் பேச்சோடு போயிருக்கும். மூன்றாம் மாதம் என்னையும் காரையும் குலதெய்வத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் பிடாரியம்மன் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஓடைக்கரையில் இருக்கிறாள். பூசாரி காருக்கு எலுமிச்சம்பழம் கட்டினார், என் நெற்றியில் விபூதி வைத்தார், வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "இந்த வண்டி எத்தினி நாளு ஓடுதோ அத்தினி நாளு உம் பொண்ணுக்கு ஒரு கொறையும் வராது, போ."

வாழ்த்துகிறார் என்றுதான் உலகத்தில் எவனும் எடுத்துக்கொள்வான். என் அப்பா அதைத் திருப்பிப் போட்டு எடுத்துக்கொண்டார். அப்படியானால் வண்டி நின்றுவிட்டால்? மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே அந்தக் கேள்வி அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பத்தொன்பது வருடம் அது எழுந்திருக்கவில்லை.

எனக்கு இது தெரியவந்தது பன்னிரண்டு வயதில். எங்கள் பக்கத்தில் மொத்தம் மூன்று ஆல்ட்ரிஸா ஓடிக்கொண்டிருந்தன. திருக்கோவிலூரில் ஒரு டாக்டருடையது, மூங்கில்துறைப்பட்டில் ஒரு வெல்ல வியாபாரியுடையது, எங்களுடையது. டாக்டர் தன்னுடையதைப் பழைய இரும்புக்குப் போட்ட வாரம் எனக்கு டைஃபாய்டு வந்தது. வெல்ல வியாபாரியின் கார் லாரியில் மாட்டி நசுங்கிய மறுநாள் நான் பள்ளிக்கூடப் படியில் விழுந்து முன்பல் இரண்டை உடைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் கதவுக்கு அந்தப் பக்கம் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு விஜயா," என்று அப்பா சொன்னார். "நம்முது ஒண்ணு தான்."

அம்மா அவரைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு அந்தத் திட்டு எதுவும் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து அந்தக் கார் இருமினால் எனக்கு நெஞ்சு அடைக்கும். இப்போது நான் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருடம். எண்ணெய் தீர்ந்தால் எஞ்சின் நிற்கும், எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவேன். காலையில் அப்பா சாவியைத் திருப்பும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகுதான் விடுவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அப்பா அந்தக் காரை வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் எந்த மாமியாரும் கூட என் அம்மாவுக்காகப் பரிந்து பேசுவாள். தான் குளிக்கும் முன் அதைக் குளிப்பாட்டுவார். மேட்டில் ஏறினால் எங்களை இறங்கி நடக்கச் சொல்லுவார். கம்பெனி நம் நாட்டுக் கடையையே மூடிக்கொண்டு போனபின் உதிரி பாகம் எதுவும் கிடைக்கவில்லை; மெக்கானிக் செல்லமுத்து வேறு வேறு கார்களிலிருந்து கழற்றி, ராவி, ஒட்டுப் போட்டு ஓட வைத்துக்கொண்டிருந்தார். ஹேண்ட் பிரேக் அறுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு மாற்று அவராலும் செய்ய முடியவில்லை. இறக்கத்தில் அப்பா எஞ்சினை அணைத்து நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வருவார். கேட்டால், "அதுக்கும் வயசாவுது இல்ல, கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்," என்பார். அவர் மிச்சம் பிடித்தது டீசலை இல்லை, என் ஆயுளை.

போன ஆடி மாதம் செல்லமுத்து கையை விரித்துவிட்டார். "அண்ணா, இனிமே இத்த நீ ரோட்டுல எடுக்காத. நான் ஜாஸ்தி நாளு தாங்காதுன்னு சொல்றன், நீ காதுல வாங்க மாட்ற." அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வண்டியைக் கொடுத்துவிடலாமா கூடாதா என்று பிடாரியிடமே பூ போட்டுக் கேட்டுவிடுவோம் என்றாள். எங்களில் அது வழக்கம். ஒரு பொட்டலத்தில் மல்லி, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, இரண்டையும் ஒரே மாதிரி வாழை இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அம்மன் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் அதே காரில்தான் போக வேண்டும் என்றார். யாரைப் பற்றிக் கேட்கிறோமோ அவர் எதிரே இருக்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். நான் முன்சீட்டில், மலை ஏறினால் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் அவள் பின்னால் படுத்துக்கொண்டு வந்தாள். கச்சிராயபாளையத்தில் அம்மா வாங்கிய பூவை, கோயிலுக்குப் பின்னால் போய் அப்பாவே பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். பூசாரியின் பேத்தி, நாலு வயது சுபஸ்ரீ, கொஞ்சம் கூட யோசிக்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஆனால் அம்மனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே திருநீறு வாங்கினார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பிரிக்காமல் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், இறங்கும்போது மல்லியைத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று.

வெள்ளிமலையைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் அப்பா வழக்கம்போல எஞ்சினை அணைத்து நியூட்ரலுக்குத் தள்ளினார். தூறல் போட்டிருந்தது. கார் சத்தமே இல்லாமல் உருண்டது. டயர் ஈர ரோட்டில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

உள்ளே இருந்தது மல்லி இல்லை. செவ்வரளி.

முதலில் எனக்குப் புரியவில்லை. பூவை மடியில் கொட்டிக் கிளறிப் பார்த்தேன், அடியில் எங்காவது வெள்ளை இருக்குமோ என்று. ஒன்றும் இல்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு. குழந்தை எதை எடுத்திருந்தாலும் ஒரே பதில்தான். அப்பா சாமியை ஏமாற்றியிருக்கிறார். ஒரு பொய்ச் சத்தியம் கூடச் செய்யாத என் அப்பா, வெறும் பயத்தில், பிடாரியையே ஏமாற்றியிருக்கிறார். தலையைத் திருப்பினேன். அவர் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. ரப்பர் கருகுகிற மாதிரி.

"இன்னாங்க நாறுது?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

அப்பா பிரேக்கை மிதித்தார். அது தரைவரை போயிற்று. மறுபடி மிதித்தார். மறுபடியும் தரைவரை போயிற்று. ஹேண்ட் பிரேக் கம்பியை இழுத்தார். அது அறுந்து இரண்டு வருடம் ஆன ஞாபகம் வந்து கையை எடுத்தார். கார் தன்பாட்டுக்கு வேகம் பிடித்துக்கொண்டிருந்தது.

"கியர்ல போடுப்பா!" என்று கத்தினேன். அவர் கியர் கம்பியை இரண்டாவதுக்குத் தள்ளினார். உள்ளே பல் நறநறத்தது. பிடித்து அமுக்கியிருந்தால் கியர் விழுந்திருக்கலாம். அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"அமுக்குப்பா!"

"பல்லு ஒடஞ்சிடும்மா," என்றார். "வண்டி போய்டும்."

ரோட்டின் இடது பக்கம் வெட்டிவிட்ட மண்மேடு, வலது பக்கம் ஒன்றுமில்லை. ரோடு போடுவதற்குக் கொட்டிய ஜல்லிக் குவியல் ஒன்று இடது ஓரத்தில் வந்தது. அதில் ஏற்றினால் நின்றுவிடும் என்று எனக்கே தெரிந்தது. பத்தொன்பது வருடம் ஓட்டியவருக்குத் தெரியாதா? அவர் ஸ்டீயரிங்கை வளைத்து, அந்தக் குவியலில் படாமல், பக்குவமாக விலக்கி ஓட்டினார். வண்டிக்கு ஒரு கீறல் கூட விழாமல்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவரால் இதை இடிக்க முடியாது. இடித்தால் கார் நின்றுவிடும். கார் நின்றால் நான் இருக்க மாட்டேன். அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றிக் காப்பாற்றியே நேராகப் பள்ளத்துக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"அப்பா, மேட்டுல இடி! கெஞ்சிக் கேக்கிறன், இடிச்சிடுப்பா!"

அவர் உதடு மட்டும் அசைந்தது. "தாயே, தெரியாம செஞ்சிட்டன், தாயே, புள்ளைய வுட்டுடு." அம்மா பின்சீட்டில் எழுந்து உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். கீழேயிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது, மலைக்கு ஏறி வரும் டவுன் பஸ். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு வளைவு. அந்த வளைவில் தடுப்புச் சுவர் உடைந்து, ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

என்ன யோசித்தேன் என்று இப்போது கேட்டால் தைரியமாக ஏதாவது சொல்லலாம். ஆனால் நிஜத்தில் நான் யோசித்தது இதுதான்: அவர் நினைப்பது சரியாக இருந்துவிட்டால்? கார் உடைந்ததும் நான் செத்துவிட்டால்? அந்த நேரத்தில் நானும் அதை முழுசாக நம்பினேன். நம்பிக்கொண்டேதான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன்.

மேடு வந்து கண்ணாடியில் அறைந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது மண்வாசனை. காரின் மூக்கு மேட்டுக்குள் புதைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. என் மடியில் அரளிப்பூ எல்லாம் அப்படியே இருந்தது. அம்மா அழும் சத்தம் கேட்டது, அப்படியானால் அவள் இருக்கிறாள். அப்பா ரத்தம் வழியும் நெற்றியோடு என்மேல் குனிந்து, என் மூக்குக்கு எதிரே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு வுடும்மா," என்றார். "வுட்டுக்கினே இரு. நிறுத்தாத."

பஸ்ஸில் வந்தவர்கள்தான் எங்களை வெளியே எடுத்தார்கள். எனக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டிருந்தது, அப்பாவுக்கு நெற்றியில் ஆறு தையல், அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். அவ்வளவுதான். அவ்வளவோடு போயிற்றே என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அப்பா மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தூங்கினால் எழுப்புவார்; விழித்தால் தண்ணீர் கொடுப்பார். மூன்றாம் நாள் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டுலயும் செவப்பு தாம்மா வச்சன். வெள்ள வந்துட்டா குடுத்துடணுமே. உன்ன எப்டி குடுப்பன்?"

"தெரியும்பா," என்றேன். அவரைத் திட்ட வேண்டும் என்று இரண்டு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கையை நீட்டித் தண்ணீர் கேட்டேன்.

காரைச் செல்லமுத்துவின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். முன்பக்கம் பிய்ந்து, கட்டைமேல் ஏற்றி, சக்கரம் இல்லாமல் நின்றது. அது செத்துவிட்டது என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம். நான் வீடு வந்த மறுநாள் காலையில் அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போய், கட்டைமேல் நின்ற காருக்குள் ஏறி உட்கார்ந்து, திருப்பியிருக்கிறார். எஞ்சின் ஓடியிருக்கிறது.

பூசாரி சொன்னது ஓடுகிற வரை என்றுதானே? அது ஓடுகிறது. ரோட்டில் ஓட வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே! அப்பா தினமும் காலை ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போய், தெறித்துப்போன ரேடியேட்டரில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டிவிட்டு வந்தார். வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். கரும்பு வெட்ட ஆலையிலிருந்து உத்தரவு வந்து கிடந்தது. ஆள் பேசப் போகவில்லை. சோறு பாதி இறங்கவில்லை. ஒரு மாதத்தில் சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். ஊரில் நேராகவே அவருக்கு மண்டை கலங்கிவிட்டது என்றார்கள். அம்மா சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். காலை ஏழு மணிக்கு நானும் எங்கே இருந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் திரும்பி வரும்வரை. எனக்குள்ளேயும் அந்தக் கேள்வி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

கையிலிருந்து கட்டு அவிழ்த்த வாரம் செல்லமுத்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாப்பா, எஞ்சின் அவ்ளோ தான்," என்றார். "இன்னிக்கோ நாளைக்கோ இறுகி நின்னுடும். அண்ணன் அதும் உள்ள உக்காந்துக்கினு இருக்க சொல்ல அது தானா நின்னுச்சின்னு வச்சிக்க..." துணியில் கையைத் துடைத்தார். "நான் ஒன்ன பத்தி பயப்படல பாப்பா. அண்ணன பத்தி தான் பயப்படுறன்."

அன்று முழுக்க யோசித்தேன். கார் தானாக நின்றால் அப்பா அங்கேயே, அந்த சீட்டிலேயே விழுந்துவிடுவார். நான் வீட்டில் உயிரோடு இருப்பதை அவர் வந்து பார்க்கும்வரை அவர் நெஞ்சு தாங்காது. அது நிற்கும்போது நான் அவர் கண்ணெதிரே இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. இனி ஸ்டார்ட் பண்ணவே போவதில்லை என்று கடைசியாக நிறுத்துவதும் நானாக இருக்க வேண்டும். இதை முடிவு செய்ய எனக்கு ஒரு நாள் ஆயிற்று. இயற்பியல் படித்தவளுக்கு ஒரு நாள்.

மறுநாள் காலையில் நானும் வருகிறேன் என்று அவரோடு கிளம்பினேன். வேண்டாம் என்றார். பின்னாலேயே நடந்தேன். பட்டறையில் செல்லமுத்து எங்களைப் பார்த்துவிட்டு டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். அப்பா தண்ணீர் ஊற்றினார். சாவியைத் திருப்பினார். மூன்றாவது தடவைதான் பிடித்தது. உடம்பு முழுக்க உதறிக்கொண்டு, இரும்பைப் போட்டு அரைக்கிற சத்தத்தோடு ஓடியது.

"எறங்குப்பா. கொஞ்ச நேரம் நான் உக்கார்றன்."

"இன்னாத்துக்கு?"

"என் வண்டி தான? உக்காரக் கூடாதா?"

இறங்கினார். நான் உட்கார்ந்தேன். சீட்டில் அவர் உடம்புச் சூடு இருந்தது. பக்கத்து சீட்டின் இடுக்கில் காய்ந்துபோன அரளி ஒன்று சிக்கியிருந்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். சாவியில் கை வைத்தேன். பொருளே இல்லாத பெயர் இது, எங்கோ ஒரு கம்ப்யூட்டர் துப்பியது, அதற்கு என் உயிரில் ஏது பங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் உதவவில்லை. பயமாக இருந்தது. மலையில் இருந்ததைவிட அதிகமாக, பச்சையாகப் பயமாக இருந்தது. அங்கே யோசிக்க நேரம் இல்லை. இங்கே நேரம் இருந்தது.

"அப்பா," என்றேன். "என் கையப் புடி."

இது கடைசித் தடவை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மா," என்றார். "வேணாம், வேணாம், சொன்னா கேளு..." ஆனாலும் கையைப் பிடித்தார். என் இடது மணிக்கட்டை அவருடைய இரண்டு கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன, கிணற்றுக்குள் விழுகிறவளைப் பிடிப்பது மாதிரி.

வலது கையால் சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. எங்கேயோ டவுன் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டில் அவருடைய கட்டைவிரல் நாடியைத் தேடிக்கொண்டிருந்தது. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், என் நெஞ்சு அடுத்த தடவை அடிக்கிறதா, அதற்கடுத்த தடவை அடிக்கிறதா என்று. அடித்தது. தாறுமாறாக அடித்தது, ஆனால் அடித்தது. சாவியை உருவி அவர் சட்டைப் பையில் போட்டேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இன்னாமா பண்ணுது?"

எனக்கு என்ன செய்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் பயத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தேன்.

"பசிக்குதுப்பா."

அவர் கண்ணைத் திறந்தார். செத்துப்போன காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எப்போதும் போல முழுதாக, ஓர் எழுத்து விடாமல்.

"ஆல்ட்ரிஸா."

"இன்னாப்பா?"

மறுபடி கூப்பிட்டார். மறுபடி "இன்னாப்பா" என்றேன். அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கையை விடவில்லை. செல்லமுத்து டீயோடு வந்து, வாசலிலேயே நின்று, டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று. அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.